காற்றழுத்தமும் வெப்பநிலையும்: மேலே போகப் போக ஒன்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையே, ஏன்?

ஏறுநடை:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மலையேறப் போனபோது, கைப்பேசியில் உள்ள காற்றழுத்த உணரியோடு ஒரு சிறிய வெப்பமானியையும் பையில் எடுத்துச் சென்றிருந்தேன். காலை 10 மணிக்கு அடிவாரத்தில் அழுத்தம் 975 ஹெக்டோபாஸ்கல், நிழலில் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். மாலை 4 மணிக்கு உச்சியில் 794 ஹெக்டோபாஸ்கல், 19 டிகிரி. இரண்டும் குறைந்ததில் வியப்பொன்றும் இல்லை. வீடு திரும்பிக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

பள்ளியில் படித்த வாயு விதிப்படி அழுத்தமும் வெப்பநிலையும் நேர்விகிதத்தில் மாற வேண்டும். 975 என்பது 794 ஆகிவிட்டது என்றால் 81 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கிறது. 31 டிகிரி என்பது, தனிச்சுழியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில், 304 கெல்வின். அதில் 81 விழுக்காடு ஏறத்தாழ 248 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி. உச்சியில் நானோ மெல்லிய சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவதாக, வெயில் நிலத்தைச் சுட்டால் அங்கே காற்றழுத்தம் குறையும் என்று வானிலை அறிக்கைகளில் சொல்கிறார்கள். விதிப்படி சூடானால் அழுத்தம் கூடத்தானே வேண்டும்? மூன்றாவதாக, நாம் வாழும் கீழடுக்குக்கு மேலே உள்ள வளிமண்டல அடுக்கான மீள் அடுக்கில் உயரம் கூடக் கூட வெப்பநிலை ஏறுகிறது என்று படித்தேன். அங்கே மட்டும் அழுத்தம் ஏறுவதாக எங்கும் காணோம்.

இன்னொரு சிறிய உறுத்தலும் உண்டு. அழுத்த வேறுபாட்டையும் சராசரி வெப்பநிலையையும் வைத்து நான் ஏறிய உயரத்தைக் கணக்கிட்டதில் 1,791 மீட்டர் வந்தது. இரு முனைகளிலும் நட்டிருந்த பலகைகளின்படி அது 1,765 மீட்டர்தான். கூடுதலான 26 மீட்டர் உணரியின் கோளாறு என்றே நினைக்கிறேன்.

கணக்குப்புலி:

உங்கள் அளவீடுகளில் பிழையில்லை. விதியைப் பாதியாக நினைவில் வைத்திருப்பதுதான் சிக்கல். அழுத்தமும் வெப்பநிலையும் நேர்விகிதத்தில் மாறுவது மூடிய கலத்தில்தான், ஏனென்றால் அங்கே அதே அளவு வாயு அதே இடத்துக்குள் அடைபட்டிருக்கிறது. விதியின் முழு வடிவத்தில் மூன்று கணியங்கள் உண்டு: அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை. திறந்த வெளியில் காற்றைச் சுற்றிச் சுவர் இல்லாததால் அடர்த்தி தன் விருப்பம்போல் மாறிக்கொள்ளும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.12 கிலோகிராம், உச்சியில் 0.95 கிலோகிராம். அடர்த்தி 85 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. கெல்வின் கணக்கில் வெப்பநிலை 304இலிருந்து 292 ஆகி, 96 விழுக்காட்டில் நிற்கிறது. 0.85ஐ 0.96ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 81 விழுக்காடு வந்துவிடும். அழுத்தம் குறைந்ததில் பெரும்பங்கு காற்று மெலிந்ததால் வந்தது. குளிர்ந்ததால் வந்தது சிறுபங்குதான்.

எதிர்க்கேள்வி:

இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டுமா? கீழே காற்று நெருக்கப்பட்டிருக்கிறது, அதனால் சூடாக இருக்கிறது. மேலே நெருக்கம் தளர்கிறது, அதனால் குளிர்கிறது. மிதிவண்டிக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுகிறதே, அதேதான். வெள்ளிக் கோளில் அழுத்தம் பூமியைப் போல் 90 மடங்குக்கும் மேல், வெப்பநிலை 460 டிகிரியைத் தாண்டுகிறது. அழுத்தம்தான் வெப்பநிலையை உண்டாக்குகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பழைய ஆசிரியன்:

இந்தக் கருத்தோடு என் வகுப்பில் ஆண்டுக்கு ஒருவராவது எழுந்து நிற்பார். கேட்பதற்கு அவ்வளவு பொருத்தமாகத் தோன்றுவதுதான் இதன் தொல்லை. நீங்களே சொன்ன மிதிவண்டியில் இருந்து தொடங்குகிறேன்.

காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது உண்மை. காற்றடித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். அறையின் வெப்பநிலையில்தான் இருக்கும். உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டதா? சக்கரம் கல்லைப் போல இறுகித்தானே இருக்கிறது. வெப்பத்தைக் கொடுத்தது நெருக்கும் செயல், அதாவது பம்பின் தண்டைக் கீழே தள்ளிய உங்கள் கை செய்த வேலை. நெருங்கிய நிலையில் சும்மா இருப்பதால் எந்தப் பொருளும் புதிதாகச் சூடாவதில்லை. இருக்கும் வெப்பத்தையும் மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். மரியானா அகழியின் அடியில் கடல்நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அங்கே வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஓரிரு டிகிரிதான். வெள்ளியின் வெப்பத்துக்குக் காரணம் அதன் தடித்த கரியமில வாயுப் போர்வை அகச்சிவப்புக் கதிரை எளிதில் வெளியே விடாததுதான். அப்படி ஒரு போர்வை இல்லாமல் அதே அழுத்தம் இருந்திருந்தால், அந்த வெப்பம் எப்போதோ விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பூமியிலேயே இன்னும் வலுவான மறுப்பு இருக்கிறது. கணக்கீடுகளுக்குப் பயன்படும் செந்தர வளிமண்டல அட்டவணையைப் பாருங்கள். கடல்மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி. 11 கிலோமீட்டரில் 226 ஹெக்டோபாஸ்கல், கழித்தல் 56.5 டிகிரி. அங்கிருந்து 20 கிலோமீட்டர் வரை அழுத்தம் 55 ஆக இறங்குகிறது. வெப்பநிலையோ ஒரு டிகிரிகூட அசையவில்லை. 47 கிலோமீட்டரில் அழுத்தம் வெறும் 1.1, வெப்பநிலை கழித்தல் 2.5 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் வழியில் வெப்பநிலை 54 டிகிரி உயர்கிறது என்றால், அழுத்தம் எப்படி வெப்பநிலையின் காரணமாக இருக்க முடியும்?

எதிர்க்கேள்வி:

மிதிவண்டியை ஒப்புக்கொள்கிறேன். அட்டவணைக்கும் என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. ஆனால் காரணம் அதுவல்ல என்றால் எது? ஒவ்வொன்றையும் எது தீர்மானிக்கிறது?

பழைய ஆசிரியன்:

அழுத்தத்தின் கதை நேரானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஓரிடத்தின் காற்றழுத்தம் என்பது அந்த இடத்துக்கு மேலே வளிமண்டலத்தின் விளிம்பு வரை நிற்கும் காற்றின் எடை. கடல்மட்டத்தில் ஒரு சதுரமீட்டரின் மீது நிற்கும் காற்றுத்தூணின் நிறை பத்து டன்னுக்குச் சற்று மேல். ஏறினால் தலைக்கு மேல் உள்ள காற்று குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. ஆகவே அழுத்தம் எந்த அடுக்கிலும் திசை மாறுவதே இல்லை.

இத்தாலியில் டோரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயை உருவாக்கினார். குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது காற்றின் எடைதான் என்றால் மலைமேல் அது தாழ வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எண்ணினார். அவருடைய வேண்டுகோளின்படி அவருடைய அக்காள் கணவர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தெ தோம் மலையில் ஏறினார். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றத்தில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகத் தாழ்ந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று: இன்னொரு குழாயை அடிவாரத்து மடத்திலேயே விட்டுவிட்டு, பகல் முழுவதும் அதைக் கவனித்துக்கொண்டிருக்க ஒரு துறவியை உட்காரவைத்துவிட்டுத்தான் அவர் மலையேறினார்.

அழுத்தம் நேர்கோடாகக் குறைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று நசுங்கக்கூடியது, கீழே உள்ளது மேலே உள்ளதன் எடையால் நசுங்கி அடர்த்தியாகக் கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் 8 மீட்டர் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். சுமார் 5.5 கிலோமீட்டரில் அழுத்தம் பாதியாகிறது, 16 கிலோமீட்டரில் பத்தில் ஒன்று, 31 கிலோமீட்டரில் நூறில் ஒன்று. உலகின் உயரமான சிகரத்தின் மேல் நிற்பவருக்குக் கடல்மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அங்கே தண்ணீர் 70 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

கணக்குப்புலி:

இங்கே ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அழுத்தம் எடையால்தான் வருகிறது, சரி. ஆனால் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதில் வெப்பநிலைக்குக் கை உண்டு. சூடான காற்றுத்தூண் உப்பி உயரும், குளிர்ந்த தூண் குறுகித் தாழும். 1000 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் இடைப்பட்ட காற்றின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், அந்த இடைவெளி ஏறத்தாழ 20 மீட்டர் தடிக்கும். ஆகவே வெப்பநிலை மேலே உள்ள அழுத்தத்தைத் திருத்தி எழுதுகிறது. அழுத்தம் வெப்பநிலையை உண்டாக்குவதில்லை. எதிர்க்கேள்வி நண்பர் அம்பைத் தலைகீழாக வரைந்துவிட்டார், அவ்வளவுதான்.

வான்தளம்:

விமான நிலையத்தில் வானிலைப் பணியில் இருப்பதால் மேலே சொன்னதைத் தினமும் கையாள்கிறேன். விமானத்தின் உயரமானி உண்மையில் ஒரு பாரமானிதான்; அது அளப்பது அழுத்தத்தை, காட்டுவது உயரத்தை. செந்தர வளிமண்டலத்தின் வெப்பநிலைதான் வெளியேயும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அது மொழிபெயர்க்கிறது. கடுங்குளிர் நாளில் காற்றுத்தூண் சுருங்கிக் கிடப்பதால், அதே அழுத்தம் குறைந்த உயரத்திலேயே வந்துவிடும். செந்தரத்தைவிடப் பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 4 விழுக்காடு பிழை என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. முப்பது டிகிரி குளிர்ந்த நாளில், ஓடுதளத்துக்கு மேல் 1,500 மீட்டர் என்று கருவி காட்டும்போது விமானம் கிட்டத்தட்ட 180 மீட்டர் தாழப் பறந்துகொண்டிருக்கும். மலை சூழ்ந்த விமான நிலையங்களில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் இறங்கவே கூடாது.

ஏறுநடை:

அப்படியானால் என் 26 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலைதான் காரணமா?

வான்தளம்:

சராசரி வெப்பநிலையை நீங்கள் ஏற்கெனவே கணக்கில் சேர்த்திருக்கிறீர்களே. அதில் கொஞ்சம் பிழை இருக்கலாம். ஆனால் அது இந்தத் திசையில் இருக்காது என்று நினைக்கிறேன். மாலையில் அடிவாரம் 31 டிகிரியைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கும். அதைச் சேர்த்தால் உங்கள் 1,791 இன்னும் கூடும். உணரியைப் பழிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கைப்பேசியை வீட்டில் ஒரே மேசையில் அசையாமல் வைத்து, நான்கைந்து நாள்களுக்கு மணிக்கொரு முறை அழுத்தத்தைக் குறித்துவாருங்கள். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது, இப்போது சொல்ல மாட்டேன்.

பழைய ஆசிரியன்:

அது வரும் வரை வெப்பநிலையின் கதை. இது அழுத்தத்தைப் போல ஒரே வரியில் அடங்காது, ஏனென்றால் ஒவ்வோர் உயரத்திலும் வெப்பத்தின் வரவும் செலவும் வெவ்வேறு.

கீழடுக்கின் அடுப்பு நிலமும் கடலும். சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றை ஊடுருவி வந்து தரையில் படிகிறது. தரை சூடாகி, தொடும் காற்றைச் சூடாக்குகிறது, நீராவியை மேலே அனுப்புகிறது, அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. மலையுச்சி சூரியனுக்கு இரண்டு கிலோமீட்டர் அருகில் இருக்கிறது என்பதெல்லாம் பதினைந்து கோடி கிலோமீட்டரில் ஒரு பொருட்டே அல்ல. அடுப்பு கீழே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சூடான காற்று மேலெழும்போது, சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதென்றால் பக்கத்துக் காற்றைத் தள்ளி இடம்பிடிப்பது, அது வேலை. அந்த வேலைக்கான கூலியைக் காற்று தன் உள்ளிருப்பில் இருந்துதான் கொடுக்க வேண்டும், அதனால் குளிர்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வராத உலர் காற்றுக்கு இந்தக் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. ஈர்ப்பு முடுக்கத்தைக் காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறனால், அதாவது 9.8ஐ ஏறத்தாழ 1,004ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை டிகிரி என்பது கிடைத்துவிடும். வேறெந்த அளவீடும் தேவையில்லை என்பதை முதன்முதலில் அறிந்தபோது நான் வியந்துபோனேன்.

உங்கள் மலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.7 டிகிரிதானே வந்தது? காரணம் ஈரம். காற்று குளிர்ந்து நீராவி துளிகளாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு, குளிர்ச்சியின் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. முகிலுக்குள் ஏறும் காற்று வெதுவெதுப்பான இடங்களில் கிலோமீட்டருக்கு நான்கைந்து டிகிரி மட்டுமே குளிரும். உலர்ந்ததும் ஈரமானதும் கலந்த சராசரியாக 6.5 என்ற எண்ணை அட்டவணையில் வைத்திருக்கிறார்கள்.

மௌனவாசகி:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் காற்றும் இதே கணக்கில் சூடாகுமா? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலையில், இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை கழித்தல் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியதாகப் படித்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கிய காற்றுதான் காரணம் என்கிறார்கள்.

பழைய ஆசிரியன்:

ஆம், அதுதான் சினூக் காற்று. மலைக்கு அப்பால் ஏறும்போது ஈரத்தை மழையாகவோ பனியாகவோ கொட்டிவிட்டு, உள்ளுறை வெப்பத்தை வைத்துக்கொண்டு, இப்புறம் உலர்ந்து இறங்குகிறது. ஏறும்போது ஆறு டிகிரி இழந்த இடத்தில் இறங்கும்போது 9.8 டிகிரி சம்பாதிக்கிறது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் மட்டும் வேறு: தரையோடு படுத்திருந்த கடுங்குளிர்க் காற்றின் விளிம்பு அந்த ஊரின் மேல் முன்னும் பின்னும் ஆடியது. குளிர்க்காற்று விலகி, சினூக் தரையைத் தொட்ட கணத்தில் வெப்பமானி துள்ளியது. இங்கே எதிர்க்கேள்வி நண்பர் சொன்ன நெருக்கம் உண்மையாகவே வேலை செய்கிறது, இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் வரை மட்டும்.

எதிர்க்கேள்வி:

இந்த வேறுபாடு இப்போதுதான் பிடிபடுகிறது. நெருங்குவது வேறு, நெருங்கியிருப்பது வேறு. சரி, மீள் அடுக்குக்கு வாருங்கள்.

கணக்குப்புலி:

அந்த அடுக்கைக் கண்டுபிடித்தவரே முதலில் தன் வெப்பமானியைத்தான் சந்தேகித்தார். பிரான்சில் தெசெரான் தெ போர் என்பவர் கருவிகள் கட்டிய ஆளில்லா பலூன்களை இருநூறுக்கும் மேற்பட்ட முறை பறக்கவிட்டுப் பார்த்ததில், 11 கிலோமீட்டரை ஒட்டி வெப்பநிலை இறங்காமல் நின்றுவிட்டது. வெயில் பட்டுக் கருவி சூடாகியிருக்குமோ என்று இரவிலும் பலூன்களை அனுப்பினார். இரவிலும் அதே விடைதான். 1902இல் முடிவை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் அஸ்மானும் தனியாக அதையே கண்டறிந்து அறிவித்தார்.

காரணம் ஓசோன். சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி அங்கேயே வெப்பமாக்குகிறது. அதாவது மீள் அடுக்குக்கு அடுப்பு கூரையில் இருக்கிறது. பலரும் தவறவிடும் ஒரு புள்ளி இதில் உண்டு. ஓசோன் அதிகம் செறிந்திருப்பது 20 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில். வெப்பநிலை உச்சம் தொடுவதோ 50 கிலோமீட்டரை ஒட்டி. ஏனென்றால் வலுவான புற ஊதாக் கதிர் மேலே வரும்போதே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அங்கே காற்றும் மிக மெலிது, ஆகவே கொஞ்சம் ஆற்றல் கிடைத்தாலும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றுக்கும் கிடைக்கும் பங்கு பெரிது. கீழே ஓசோன் ஏராளமாக இருந்தாலும் பந்திக்குப் பிந்தியவர் நிலைதான்.

மேலே சூடு, கீழே குளிர் என்றாகிவிட்டதால் காற்று மேலும் கீழும் புரள்வதில்லை. இடிமுகில்களின் தலை பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாக விரிவது அந்தக் கூரையில் முட்டிக்கொள்வதால்தான்.

மௌனவாசகி:

அப்படியென்றால் கீழடுக்கு முடிந்து மீள் அடுக்கு தொடங்கும் அந்த எல்லை மிகவும் குளிர்ந்திருப்பது துருவங்களுக்கு மேலேதானே?

கணக்குப்புலி:

நிலநடுக்கோட்டுக்கு மேலே! அங்கே கீழடுக்கு உப்பி 16 முதல் 18 கிலோமீட்டர் வரை உயர்ந்திருக்கிறது; அவ்வளவு உயரம் வரை குளிர்ந்துகொண்டே போவதால் கழித்தல் 80 டிகிரியை எட்டுகிறது. துருவங்களில் எல்லை எட்டொன்பது கிலோமீட்டரிலேயே வந்துவிடுவதால் பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. தரையில் மிகவும் சூடான வட்டாரத்தின் தலைக்கு மேல்தான் கீழடுக்கின் மிகவும் குளிர்ந்த கூரை இருக்கிறது.

பழைய ஆசிரியன்:

ஓசோனைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், எதிர்க்கேள்வி நண்பரின் முதல் வாதத்துக்கு இதுவே கடைசி ஆணி. கரியமில வாயு கூடினால் கீழடுக்கு சூடாகும், மீள் அடுக்கு குளிரும் என்று காலநிலை ஆய்வாளர்கள் மனாபே, வெதரால்டு இருவரும் 1967இலேயே கணித்துச் சொன்னார்கள். அளவீடுகளும் அவ்வாறே காட்டுகின்றன, மேலே நிகழ்ந்த குளிர்ச்சியில் ஓசோன் இழப்புக்கும் பங்கிருந்தாலும். இத்தனைக்கும் வளிமண்டலத்தின் மொத்த எடையில், ஆகவே தரையின் சராசரி அழுத்தத்தில், சொல்லும்படியான மாற்றம் ஏதும் இல்லை. எடை அப்படியே இருக்க, வெப்பத்தின் வரவு செலவு மட்டும் மாறியிருக்கிறது.

அதற்கு மேலே உள்ளதை விரைவாகக் கடந்துவிடலாம். இடை அடுக்கில் ஓசோன் இல்லாத குறையால் மீண்டும் குளிர்ந்து, 85 கிலோமீட்டரை ஒட்டிக் கழித்தல் 90 டிகிரிக்கு அருகில் போகிறது. வெப்ப அடுக்கில் மீண்டும் ஏறி ஆயிரம் டிகிரியையும் தாண்டுகிறது. ஆனால் அங்கே அந்த எண் மூலக்கூறுகளின் வேகத்தைத்தான் குறிக்கிறது. மோதுவதற்கு மூலக்கூறுகளே அரிதாக இருப்பதால், நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி தன் வெப்பத்தைக் கதிராக இழந்து உறைநிலைக்கு வெகு கீழே காட்டும்.

ஏறுநடை:

என் இரண்டாவது கேள்வி இன்னும் தொங்குகிறது. சூடான நிலத்தின் மேல் ஏன் அழுத்தம் குறைய வேண்டும்? காற்று விரிந்தாலும் அதே காற்றுதானே, எடை எப்படிக் குறையும்?

வான்தளம்:

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். வெறுமனே விரிவதால் எடை குறையாது. தூண் உப்பியதும் தரையில் அழுத்தம் முன்போலவேதான் இருக்கும். மாற்றம் முதலில் மேலே நிகழ்கிறது. கணக்குப்புலி சொன்னபடி, சூடான தூணில் மூன்று கிலோமீட்டர் உயரத்து அழுத்தம் பக்கத்துக் குளிர்ந்த தூணின் அதே உயரத்து அழுத்தத்தைவிடக் கூடிவிடும். அந்த வேறுபாட்டால் மேலே காற்று பக்கவாட்டில் வழிந்து வெளியேறுகிறது. வெளியேறிய பிறகுதான் தூணில் காற்று குறைகிறது, தரையில் அழுத்தம் தாழ்கிறது, கீழே பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்குகிறது. பகலில் வீசும் கடற்காற்றும் இந்த வரிசையில்தான் பிறக்கிறது. கொப்பரையில் பால் பொங்கி வழிந்த பிறகுதானே எடை குறையும், பொங்கும்போது அல்லவே.

குளிருக்கு இதன் மறுதலை. சைபீரியாவில் குளிர்காலம் முழுவதும் காற்று சுருங்கிக்கொண்டே போக, மேலே ஏற்படும் பள்ளத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், எடை கூடும். அங்குள்ள அகாதா நிலையத்தில் 1968 டிசம்பர் 31 அன்று கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம் 1083.8 ஹெக்டோபாஸ்கல். எதிர்முனையில், 1979 அக்டோபர் 12 அன்று பசிபிக் பெருங்கடலில் டிப் என்ற சூறாவளியின் மையத்தில் 870. அந்த மையம் மேலடுக்குகளில் சுற்றுப்புறத்தைவிட வெகுவாகச் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுநடை:

ஐந்து நாள் குறித்த கணக்கு தயார். கைப்பேசி மேசையை விட்டு அசையவே இல்லை, வானிலையிலும் மாற்றமில்லை. சராசரி இது: காலை 10 மணிக்கு 1008.9, மாலை 4 மணிக்கு 1005.6, இரவு 10 மணிக்கு 1008.1, அதிகாலை 4 மணிக்கு 1006.5. ஐந்து நாளும் இதே அலை. அறையின் வெப்பநிலை நாளுக்கு ஒரு முறைதான் ஏறி இறங்குகிறது. அழுத்தம் இரண்டு முறை ஏறி இறங்குகிறதே!

வான்தளம்:

என் ஐயம் இதுதான். இதற்கு வளிமண்டல ஓதம், அதாவது காற்றின் ஏற்றவற்றம், என்று பெயர். கடலின் ஓதம் நிலவின் ஈர்ப்பால் எழுவது. இதை எழுப்புவது பெரும்பாலும் சூரியனின் வெப்பம். மீள் அடுக்கின் ஓசோனும் கீழடுக்கின் நீராவியும் பகல்தோறும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் வளிமண்டலம் முழுவதும் சூரியனைத் தொடர்ந்து ஊசலாடுகிறது. அந்தச் சூடேற்றத்தில் 24 மணி நேரக் கூறும் உண்டு, 12 மணி நேரக் கூறும் உண்டு. 24 மணி நேர அலையில் வெவ்வேறு உயரங்களின் பங்குகள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. 12 மணி நேர அலையில் அவை ஒன்றுசேர்ந்து தரை வரை வந்து சேர்கின்றன. அதனால்தான் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது தெளிவாகத் தெரியும். துருவங்களை நோக்கிப் போகப் போகப் புயல்களின் பெரிய ஏற்ற இறக்கங்களுக்குள் அமிழ்ந்துவிடும்.

ஏறுநடை:

பொறுங்கள். நான் அடிவாரத்தில் அளந்தது காலை 10 மணிக்கு, உச்சியில் அளந்தது மாலை 4 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் அடிவாரத்திலேயே 3.3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கும்! 975க்குப் பதிலாக 971.7 என்று வைத்துக் கணக்கிட்டால் 1,762 மீட்டர் வருகிறது. பலகைக்கும் எனக்கும் மூன்று மீட்டர்தான் வேறுபாடு.

கணக்குப்புலி:

வாழ்த்துகள். ஆனால் மூன்று மீட்டரில் மயங்கிவிடாதீர்கள். மாலையில் அடிவாரம் கூடுதலாகச் சூடாகியிருந்ததையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்தால் பதினைந்து, இருபது மீட்டர் மீண்டும் கூடிவிடும். உணரியின் பிழையும் பலகையின் பிழையும் அதற்குள் அடங்கிவிடலாம்.

பழைய ஆசிரியன்:

பெரியே மடத்தில் உட்காரவைத்த துறவியை நினைவிருக்கிறதா? பகல் முழுவதும் கீழே இருந்த குழாயில் பாதரசம் அசையவே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான், மேலே கண்ட வேறுபாடு உயரத்தால் வந்தது என்று பெரியே உறுதியாகச் சொன்னார்.

ஏறுநடை:

அடுத்த முறை இன்னொரு கைப்பேசியை அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் ஏறப்போகிறேன். மலையேற விரும்பாத நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டிருக்கிறேன்.